மேடையும் வேட்டியும்

(வானொலி இலக்கிய உரைத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சபையிலே பேசுவது பற்றித் திருவள்ளுவர் நிறையவே சொல்லியிருக்கிறார். சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்கள், முப்பது குறள்கள். கேட்போரின் தரம், சொல்லின் தேர்வு, சபைக்கு அஞ்சுவோரின் நிலை எல்லாம் அங்கே உண்டு. ஆனால், பேச எழுபவன் என்ன உடுத்தியிருக்க வேண்டும் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆள் பாதி ஆடை பாதி என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த நமக்கு இது சற்று வியப்பாகத்தான் இருக்கும்.

ஆடையால் வரும் சங்கடத்தை வள்ளுவர் அறியாதவரல்லர். அதனை அவர் வைத்த இடம் வேறு. உடை நழுவும்போது கை தானாக ஓடிச்சென்று பற்றுகிறதல்லவா? அதை அவர் நட்பு என்னும் அதிகாரத்திலே உவமையாக்கினார். அந்தக் குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், ஆடை குலைந்த இடம் அவை என்றே கொள்கிறார். வீட்டிலே நழுவினால் யாருக்கு என்ன? பலர் பார்த்திருக்கும்போது நழுவுவதிலேதான் இழிவு. ஆகவே, பேச்சாளனின் உடை பற்றிய குறளைத் தேடுவோர் சொல்வன்மையைப் புரட்டாமல் நட்பைப் புரட்ட வேண்டும்.

சொந்த ஊரில் பேசுபவனுக்கு இந்தத் தொல்லை குறைவு. தெறி அறுந்தால் அயல்வீட்டில் ஊசி நூல் கிடைக்கும். அலுவல் நிமித்தம் வெளியூர் போனவனின் கதை வேறு. அங்கே அவனுக்கு அலுமாரி இல்லை. ஒரு பை மாத்திரமே உண்டு.

சுவாமி விவேகானந்தர் 1893 ஆம் ஆண்டு சிகாகோ சென்ற கதையில் மேடை முழக்கத்தையே நாம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறோம். அதற்கு முந்திய வாரங்களை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. யூலை இறுதியில் அவர் அங்கு போய்ச் சேர்ந்தார். சர்வமத மகாசபை தொடங்கியதோ செப்ரெம்பர் 11 ஆம் திகதி. கையிலிருந்த பணம் கரைந்துகொண்டிருந்தது. குளிருக்கேற்ற உடுப்பும் இல்லை. அவரது பயணத்துக்காகப் பணம் சேர்த்தவர்களுள் முதன்மையானவர் சென்னைப் பள்ளி ஆசிரியர் அளசிங்கப் பெருமாள். ஓகஸ்ற் 20 ஆம் திகதி அவருக்கே சுவாமிகள் ஒரு கடிதம் எழுதினார். வீதியில் இறங்கினால் தம் உடையைப் பார்க்க நூற்றுக்கணக்கானோர் கூடுகிறார்கள், கூச்சலிடுகிறார்கள் என்று அதில் முறையிடுகிறார். நீண்ட கறுப்பு மேலங்கியொன்றை வாங்கி வெளியே போகையில் அணிவதென்றும், செவ்வங்கியையும் தலைப்பாகையையும் சொற்பொழிவுக்கென வைத்துக்கொள்வதென்றும் முடிவு செய்ததாகவும் எழுதுகிறார். அந்த யோசனையைச் சொன்னவர்கள் அங்கே அவருக்கு ஆதரவளித்த பெண்கள்.

இந்தக் கடிதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பெரிய ஞானி, ஒரு மேலங்கிக்காகக் கணக்குப் பார்க்கிறார். தயங்காமல் பிறர் சொற் கேட்கிறார். ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் கழிந்து 1897 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கி, யாழ்ப்பாணம் வந்து, நமது இந்துக் கல்லூரியிலே உரையாற்றியவரும் இவரே.

அதே 1893 ஆம் ஆண்டில் இன்னொருவர் தென்னாபிரிக்காவிலே வந்திறங்கினார். வணிகர் தாதா அப்துல்லாவின் வழக்கு அலுவலாகச் சென்றவர் மோகன்தாஸ் காந்தி. டர்பன் நீதிமன்றில் தலைப்பாகையைக் கழற்றும்படி நீதவான் சொன்னார். காந்தி மறுத்து வெளியேறினார். பிறகு, இந்த வம்பே வேண்டாம், ஆங்கிலத் தொப்பி போட்டுக்கொள்ளலாம் என்று அவர் யோசித்தபோது தடுத்தவர் அப்துல்லா. அந்தத் தொப்பியோடு நின்றால் உங்களை உணவுச்சாலைப் பரிசாரகன் என்று நினைப்பார்கள் என்றாராம்! அந்த வருடம் பிரிட்டோரியாவில் வணிகர் கூட்டமொன்றிலே காந்தி தம் வாழ்வின் முதலாவது பொதுப்பேச்சை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டு வழக்கறிஞராகப் பதிவு பெற்றபோது, உயர்நீதிமன்றின் சொற்படி தலைப்பாகையைக் கழற்றினார் என்பதும் உண்மை. அப்துல்லாவுக்கு அது பிடிக்கவில்லை. எதற்குப் போராடுவது, எதை விட்டுக்கொடுப்பது என்பது அவரவர் தீர்மானம்.

பெரியோர் கதைக்குப் பிறகு என் கதையைச் சொல்வதற்கு நேயர்கள் பொறுத்தருள வேண்டும். 2017 ஆம் ஆண்டு தமிழாசிரியர் செயலமர்வொன்றில் விரிவுரையாற்றக் கொழும்பு சென்றேன். இரவுப் பேருந்தில் சாரத்தோடு பயணஞ் செய்வது என் வழக்கம். வேட்டியும் நஷனலும் பைக்குள். பை பேருந்தின் அடித்தட்டில். விடியற்காலை வெள்ளவத்தையில் அறைக்குப் போய்த் திறந்தால், யாரோ ஊரிலிருந்து மகளுக்குக் கொண்டுவந்த நல்லெண்ணெய்ப் போத்தல் உடைந்து என் பைக்குள்ளும் இறங்கியிருக்கிறது. மேலே இருந்த நஷனல் தப்பியது. அடியிலிருந்த வேட்டியை எண்ணெய் குடித்துவிட்டது. விரிவுரை ஒன்பதரைக்கு, அதற்குள் எந்தப் புடைவைக்கடை திறக்கும்?

மூன்றாம் குறுக்குத் தெருவில் ஒரு லோன்றி ஆறு மணிக்கே திறந்திருந்தது. முதியவர் ஒருவர் வேட்டியை விரித்து, கறை மேல் பவுடரைத் தூவி, சற்று நேரம் பார்த்தார். "இது இண்டைக்குப் போகாது, மாஸ்ரர்" என்றார். உள்ளே போய் மடித்த வேட்டி ஒன்றுடன் வந்தார். "இது என்ர. கோயிலுக்குக் கட்டுறது. இண்டைக்கு வெள்ளிக்கிழமை. அஞ்சு மணிக்கு முதல் கொண்டு வந்து தந்தியளெண்டால் காணும்."

அவர் என்னிலும் பார்க்க ஒரு சாண் உயரம் குறைந்தவர். காற்சட்டையாயின் அது எனக்கு முழங்காலில் நின்றிருக்கும். வேட்டி ஆளுக்கு ஆள் பேதம் பார்ப்பதில்லை.

கூட்டத்திலே தலைமையுரை நீண்டது; வாழ்த்துரை அதனிலும் நீண்டது. ஒன்பதரைக்கு என்ற விரிவுரை மதிய உணவுக்கும் பின்னால் தள்ளிப்போயிற்று. நான் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். நாற்பத்தைந்து நிமிட உரையை இருபத்தைந்தாகச் சுருக்கிக்கொண்டேன். மேற்கோள்கள்தாம் போயின, அதனால் யாருக்கும் நட்டமில்லை.

நமது ஊர் மேடைகளைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பந்தலுக்கு மேற்கட்டியாக வெள்ளை கட்டுவார்கள். அந்தத் துணிகளை வெளுத்து, சுமந்து வந்து, ஏணியேறிக் கட்டியவர் யாரென்று எவரும் கேட்பதில்லை. நன்றியுரையில் ஒலிபெருக்கிக்காரர் பெயர் வரும். மாலை தந்தவர் பெயர் வரும். வெள்ளை கட்டியவர் பெயரை நான் ஒரு மேடையிலும் கேட்டதில்லை. மேடையில் இருப்போர் அனைவரும் அவர் வெளுத்த துணியையே உடுத்து, அவர் கட்டிய துணியின் கீழேதான் இருப்பார்கள். சாதி என்று வாய்விட்டுச் சொல்லாமலே சாதி பார்க்கும் வித்தை இது.

அன்று உரையைத் தொடங்குமுன், நான் உடுத்தியிருக்கும் வேட்டி லோன்றிக்காரப் பெரியவர் ஒருவருடையது என்று சொல்லி அவருக்கு நன்றி கூறினேன். சபையில் சிலர் சிரித்தார்கள். நகைச்சுவைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தார்கள் போலும்.

நாலே முக்காலுக்கு லோன்றி வாசலில் நின்றேன். காசு வாங்க மறுத்துவிட்டார். "பேச்சு வாய்ச்சுதோ?" என்று மட்டும் கேட்டார். வேட்டியை விரித்துக் கரையை ஒரு தரம் பார்த்துவிட்டு, கோயிலுக்குப் போவதற்காக மின்னழுத்தியைச் சூடாக்கத் தொடங்கினார்.