மாடியைப் பூட்டும் முன்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சங்கத் தலைவர், செயலாளர் அவர்களே, குடியிருப்போரே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் மூன்று பிள்ளைகளே!

தீபாவளி முடிந்த வாரம் மொட்டைமாடியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். மிச்சமிருந்த பட்டாசுகளைப் பிரித்து, மருந்தைப் பிவிசி குழாயில் அடைத்து இவர்கள் ராக்கெட் விடப் பார்த்தார்கள். குழாய் வெடித்துத் தண்ணீர்த் தொட்டியின் மூடி உடைந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. மாடியைப் பூட்டிவிடலாம் என்று இன்று தீர்மானம் வந்திருக்கிறது. அதற்கு முன் எனக்குச் சில நிமிடம் கொடுங்கள்.

இந்த ஆசை நம் மண்ணுக்குப் பழையது. தர்மபுரி அன்று பாராமகால் சீமை. 1792-ல் கம்பெனி கைக்குப் போகும்வரை திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்தது. அவர் படையில் ராக்கெட் விடுவதற்கென்றே தனிப் பிரிவுகள் இருந்தன. மருந்தை இரும்புக் குழாயில் அடைத்தார்கள். இரும்பு அதிக அழுத்தம் தாங்கும். அதனால் ராக்கெட் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்தது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் அவை இங்கிலாந்துக்குப் போயின. அவற்றைப் பார்த்துத்தான் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டுகளைச் செய்தார். பயிற்சிக்காக அமெரிக்கா போன அப்துல் கலாம், நாசாவின் வாலப்ஸ் தளத்தில் திப்புவின் ராக்கெட் படையை வரைந்த ஓவியத்தைக் கண்டு பெருமைப்பட்டிருக்கிறார். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது.

பிள்ளைகளே, ராக்கெட்டுக்கும் வெடிக்கும் ஒரு வித்தியாசம்தான். எரியும் வாயு கணக்காக ஒரு வாய் வழியே வெளியேறினால் ராக்கெட். வெளியேற முடியாமல் குழாயைப் பிளந்தால் வெடி. அந்தக் கணக்கு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பொழுதுபோக்காக ராக்கெட் விட்டவர்கள் என்ன செய்தார்கள்? கல்கத்தாவில் ஸ்டீபன் ஸ்மித் என்ற அஞ்சல்தலை ஆர்வலர் 1934 முதல் பத்தாண்டுகள் ராக்கெட்டில் கடிதம் அனுப்பிப் பார்த்தார். முதல் ராக்கெட் நடுவானில் வெடித்தது. மனிதர் விடவில்லை. 1935-ல் ஒரு சேவலையும் கோழியையும் ஏற்றித் தாமோதர் நதியைத் தாண்ட வைத்தார், இரண்டும் பிழைத்தன! 1992-ல் நம் அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

1957-ல் ரஷ்யாவின் ஸ்புட்னிக் பறந்ததும் அமெரிக்கப் பையன்கள் பலர் வீட்டிலேயே ராக்கெட் செய்து கை கால்களை இழந்தார்கள். அதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் ஆர்வில் கார்லைல் என்ற செருப்புக் கடைக்காரர். காகித உடல், மருந்து அடைத்த தனி மோட்டார், இறங்கப் பாராசூட் என்று அவர் வடிவமைத்தார். மோட்டார் தொழிற்சாலையிலிருந்து வரும். மருந்தைப் பையன்கள் தொட வேண்டியதில்லை. அந்தப் பொழுதுபோக்கு இன்றும் அங்கே நடக்கிறது.

இப்போது என் கதை. எனக்குப் பதினொரு வயது. நானும் ஒரு நண்பனும் இதே வேலையைச் செய்தோம். பற்ற வைத்தவன் அவன். இரண்டு விரல் போயிற்று. மருந்தை அடைத்தவன் நான். இதை என் வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை. எங்களுக்கும் தடை இருந்தது. அதனால்தான் பெரியவர்கள் கண்ணில் படாத ஏரிக்கரைக்குப் போனோம். அடிபட்டபோது ஓடிவர ஆளில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. மருந்தைத் தொடுவது இனி கிடையாது. உரிமம் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பது 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றம். பெற்றோர் இதை வீட்டில் சொல்லுங்கள். அதற்குப் பதில் தண்ணீர் ராக்கெட் விடுவோம். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதிக்குக் காற்று. கார் டயருக்கு அடிக்கும் அளவு போதும். குடிதண்ணீர் பாட்டில் வேண்டாம், அது மெலிசு. நீண்ட கயிற்றால் இழுத்துவிட்டு எல்லோரும் எட்டி நிற்க வேண்டும். தண்ணீர் கீழே பீய்ச்ச, பாட்டில் மேலே போகும். நியூட்டனின் மூன்றாம் விதி கண்முன்னே தெரியும்.

மூடிக்கான பணத்தை மூன்று பேரும் உண்டியலிலிருந்து கட்டட்டும். நாற்பது வருடம் வங்கியில் இருந்தவன், வரவு செலவை விட மாட்டேன். பம்பு நான் வாங்கித் தருகிறேன். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பின்புறக் காலி மனையில் நிற்பேன். பெரியவர்களும் வாருங்கள்.