மணல்மேட்டைப் பார்க்காத பெரும்படை



ஞாயிறு மாலையில் கீழ்த்தள ஹாலில் நாங்கள் நாலு பேர் பொம்மைச் சிப்பாய்களை அடுக்கி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். "இந்த வயசில் இது என்ன சார்?" என்று கேட்டவர்களுக்கு இன்று பதில் சொல்கிறேன்.

நாங்கள் ஆடுவது நம் பரங்கிப்பேட்டைப் போர். நாள் 1781 ஜூலை 1. கடலூர் போகும் வழியை மறித்து ஹைதர் அலியின் பெரும்படை. எதிரே கம்பெனித் தளபதி அயர் கூட், ஏறத்தாழ 8,000 பேருடன். சிதம்பரம் கோயிலைப் பிடிக்கப் பார்த்து முடியாமல், கப்பலில் வரும் உணவை நம்பி இங்கே வந்தவர். ஆனால் வென்றது அவர்தான்.

எப்படி என்று படித்தபோது எனக்குப் புரியவில்லை. மேஜையில் துண்டை மடித்து மணல்மேடு செய்ததும் புரிந்தது. ஹைதரின் பீரங்கிகள் சாலையைப் பார்த்து நின்றன. கூட் கடல் பக்கம் ஒதுங்கி, மேடுகளின் மறைவிலேயே நகர்ந்தார். கடலிலிருந்து கப்பலும் சுட்டது.

எங்கள் ஆட்டத்தில் ஒரு பொம்மை நூறு பேர். விழுந்த பொம்மையை எடுத்து டப்பாவில் போடும்போது கை கொஞ்சம் தயங்கும். கூட்டின் படையிலும் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்களே. இரு பக்கமும் விழுந்தவர்கள் நம்மவர்கள்.

பிள்ளைகளை அனுப்புங்கள். அடுத்த ஞாயிறு ஹைதராக ஆட ஆள் வேண்டும். மணல்மேட்டை மறக்காத ஆளாக இருந்தால் நல்லது!