பள்ளியும் பிள்ளை உள்ளமும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுத் தேர்ச்சிக் கணக்கைச் செயலாளர் படித்து முடித்தார். அக்கணக்கில் ஏறாத ஒன்றைப் பற்றிப் பேச விரும்புகின்றோம். பள்ளியில் நம் பிள்ளையின் உள்ளம் என்ன பாடுபடுகிறது என்பதே அது.

மதுராந்தகம் வட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். கோயமுத்தூரில் தாம் படித்த காலத்தை 1939-இல் வெளிவந்த தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ 400 மாணவர்களில் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். நட்புக் கொண்டால் சாதி தெரிந்துவிடும், தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்று அஞ்சி, பள்ளிக்கு வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவார். வகுப்புக் கலைந்ததும் எவரும் எட்டாதபடி விரைந்து வீடு சேர்வார். 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கி, 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்த தலைவர் அவர். பிள்ளைகளோடு கூடி விளையாட இயலாமற்போன கொடுமையை அவர் முதுமையிலும் மறந்தாரில்லை.

தன் அச்சத்தையும் சினத்தையும் அறிந்து ஆளுதல், பிறர் நோவை உணர்தல், பூசலைப் பேசித் தீர்த்தல் ஆகியவற்றைச் சமூக, மனவெழுச்சிக் கற்றல் என்று இன்று கல்வியாளர் அழைக்கின்றனர். அமெரிக்காவில் 1994-இல் இதற்கென ஓர் அமைப்பே தோன்றிற்று. நம் பிள்ளைகளுக்குப் பொறுமை கற்பிக்கும் ஏற்பாடு இது என்று எவரேனும் கருதினால் நாம் ஏற்கோம். பொறுமையில் நாம் என்றோ பட்டம் பெற்றுவிட்டோம்! இழிவுபடுத்துகிற பிள்ளைக்கே இதில் முதற்பாடம்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரையோரப் பிள்ளைகள் கடலைக் கண்டு நடுங்கினர். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் தமிழகத்தில் ஆசிரியர்க்கும் தொண்டர்க்கும் பயிற்சி அளித்தனர். பிள்ளையைப் பேசவிட வேண்டும், படம் வரையவிட வேண்டும், விளையாடவிட வேண்டும் என்றனர். அஞ்சிய மனத்தில் பாடம் ஏறாது என்பதை அன்று யாவரும் ஒப்பினர். அலை தந்த அச்சத்திற்கு மருந்து உண்டு. சாதி தந்த அச்சத்திற்கு 'வீட்டில் சொல்லாதே' என்பதுதானா மருந்து?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன்பயின்ற மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, அகரவரிசைப்படி இருக்கை, மாணவர் நலனுக்குத் தனி அலுவலர் என்பன அதன் பரிந்துரைகளுட் சில. கயிற்றை ஒரு நொடியில் அறுத்துவிடலாம். அருகருகே அமர்ந்த இருவர் நண்பராவதற்கு ஆசிரியர் நாள்தோறும் உழைத்தாக வேண்டும்.

குறை நம்மிடமும் உண்டு. மாலை வகுப்புக்கு வரும் பிள்ளையை 'எத்தனை மதிப்பெண்?' என்றே கேட்டு வந்தோம். நன்றாகப் படித்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் நின்றால், வறுமை என்று பதிவேட்டில் எழுதினோம். அப்படி நின்ற ஒருவனை வீடு தேடிச் சென்று கேட்டபோது, "என்னை ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள் ஐயா" என்றான். அவன் கணக்கில் எண்பது வாங்கியவன்.

ஆகவே, வெள்ளிதோறும் மாலை வகுப்பின் கடைசி அரை மணியை ஆட்டத்திற்கும் பேச்சுக்கும் ஒதுக்கியுள்ளோம். மீனவர் குப்பத்துப் பிள்ளைகளையும், இருளர் பிள்ளைகளையும், சிற்பக் கூடத்தார் பிள்ளைகளையும் அழைத்திருக்கின்றோம். அவர்கள் பெற்றோரில் சிலர் தயங்குகின்றனர்; மீண்டும் சென்று கேட்போம். பொறுப்பேற்க இளைஞர் இருவர் தேவை. விருப்பமுடையோர் இன்றே செயலாளரிடம் பெயர் தருக. பந்து இரண்டு வாங்கியாயிற்று.