பம்ப்புல இழுத்தா ஆகாதா?

பொட்டிபுரத்துல எங்க பெரியம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய். பீடி, சிகரெட் தொட்டதே இல்ல. காலம் பூரா விறகு அடுப்புதான். மூணாவது கீமோ முடிஞ்ச அன்னைக்குக் கேட்டாங்க: "ஏப்பா, நோவு நெஞ்சுலதான இருக்கு? எதுக்குக் கையில ஏத்துறாங்க? ஆஸ்துமாக்காரங்க மாதிரி பம்ப்புல இழுத்தா ஆகாதா?"

நியாயமான கேள்விங்க. நம்ம பக்கத்துக்கு இது புதுசும் இல்ல. ஆஸ்துமாவுக்கு ஊமத்தைப் புகை பிடிக்கிற வழக்கத்த மெட்ராஸ்ல இருந்து 1802-ல பிரிட்டனுக்குக் கொண்டுபோனவர் ஜெனரல் ஜென்ட். (நீங்க பண்ணிப் பாத்துடாதீங்க, அது விஷம்.)

கீமோவையும் இப்படிக் கொடுத்துப் பாத்திருக்காங்க. சிஸ்பிளாட்டின் மருந்த மூச்சு வழியா நோயாளிகளுக்கே கொடுத்துச் சோதிச்சாச்சு. முதல் சிக்கல் துளியோட அளவு. ஏலத் தோட்டத்துல மருந்தடிக்கிறவங்களுக்குத் தெரியும்: பெருந்துளி பக்கத்து இலையிலயே விழுந்துடும், பொடித்துளி காத்தோட போயிடும். இங்கயும் அதேதான். 5 மைக்ரானுக்கு மேல இருந்தா பெரும்பாலும் தொண்டையிலயே ஒட்டிக்கும். ரொம்பப் பொடிசா இருந்தா விடுற மூச்சோட வெளிய வந்துடும். வந்தா, பக்கத்துல நிக்கிற நர்ஸும் கீமோவ சுவாசிக்கணும்!

அதவிடப் பெருசு: கட்டி அடைச்ச குழாய்க்குள்ள காத்தே போகாது, மருந்து எப்படிப் போகும்? நுரையீரலத் தாண்டிப் பரவுன செல்லுக்கும் சரியா எட்டாது. ரத்தம் உடம்பு முழுக்கப் போகும். அதான் கையில ஏத்துறாங்க.

ஆராய்ச்சி நடக்குது, வழக்கமான சிகிச்சையா இன்னும் வரல. பெரியம்மாகிட்டச் சொன்னேன். "அப்ப அடுத்த தடவையும் ஊசிதானா"ன்னுட்டு, புது கேஸ் அடுப்புல காப்பி போட எந்திரிச்சுப் போனாங்க.