தண்ணீர்ச் சிக்கனம் எனும் தவறு
(மாயாபந்தரில் ஆற்றிய உரை)



2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர்பெற்ற போர்ட் பிளேருக்கு இங்கிருந்து பேருந்தில் செல்வதென்றால் ஏறக்குறைய ஒரு பகல் கழியும். மிடில் ஸ்ட்ரெய்ட்டிலிருந்து ஜிர்காடாங் வரை, ஜாரவாக்களின் காப்புக்காட்டினூடே, வண்டிகள் அணிவகுத்தே செல்ல வேண்டும். இடையில் நிறுத்த அனுமதியில்லை. அடிக்கடி சிறுநீர் முட்டும் தொல்லையுடையோர் இதற்கஞ்சி முதல்நாளே தண்ணீரைக் குறைத்துவிடுகின்றனர். நானும் அவ்வாறு செய்தவனே.

பொருளாதாரம் பயின்றவன் செய்த தவறான சிக்கனம் அது! நீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து பையின் உட்சுவரை உறுத்தும், அவசரம் கூடும். பை நிறையுமுன்பே அதன் தசை தானாகச் சுருங்குவதே இத்தொல்லைக்குப் பெரும்பாலும் காரணம். முதுமையின் விதியென்று இதனை ஒதுக்குதல் கூடாது. தொற்றோ, நீரிழிவோ, ஆண்களாயின் புராஸ்டேட் வீக்கமோ உண்டா என முதலில் சோதித்தல் வேண்டும். அவை இல்லையெனில் பயிற்சியே முதல் மருந்து. உந்துதல் எழுந்ததும் ஓடாமல், இடுப்பின் அடித்தசைகளை இறுக்கித் தளர்த்தி, 5 நிமிடம் பொறுக்கலாம். சிறிது சிறிதாக இடைவெளியை 3 மணி நேரம்வரை நீட்டலாம். பலன் தெரியச் சில வாரங்களாகும். குறைக்க வேண்டியவை தேநீரும் காப்பியும்.

பெண்கள் இதனை மருத்துவரிடம் கூறவும் கூசுகின்றனர். பேருந்து நிலையத்திலும் படகுத்துறையிலும் தூய கழிப்பறை கட்டுவதையோ நாம் சில்லறைச் செலவாகவே கருதி வந்துள்ளோம். அடுத்த ஆண்டின் மதிப்பீட்டைத் தயாரிக்கும் அலுவலர்கள் சிலர் இங்கு அமர்ந்திருப்பதால் இதனையும் சொல்லிவைக்கிறேன்.