நேரம் தவறிய மணி



பினாங்கு ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை அறியாத தமிழர் மலேசியாவில் குறைவு. முன்பு அதற்கு பிட் ஸ்திரீட் என்று பெயர். ஒரு முனையில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். அடுத்து சீனர்களின் குவான் யின் கோயில். பக்கத்துக் குயின் ஸ்திரீட்டில் மகா மாரியம்மன் கோயில். பிறகு 1801-ல் தோன்றிய பள்ளிவாசல். பாங்கொலியும் பூசை மணியும் தேவாலய மணியும் பழகிப்போன தெரு அது. அங்குள்ள நகை வியாபாரியோ நாணய மாற்று வியாபாரியோ மணிச் சத்தம் கேட்டுத் தலை நிமிர்வதில்லை. வர வேண்டிய நேரத்தில்தானே வருகிறது! அதே மணி நள்ளிரவு இரண்டு மணிக்கு விடாமல் அடித்தால்? தெருவே வாசலுக்கு வந்துவிடும். ஓசை ஒன்றுதான். நேரம் மாறினால் பொருள் மாறிவிடுகிறது.

மனிதனுக்கு இயல்பாக இருக்கும் இந்த அறிவை ஒரு கருவிக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? கருவி எப்போது சும்மா இருக்க வேண்டும், எப்போது கூவ வேண்டும்? இது பொறியாளர்களின் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. இதற்கு விடை இல்லாததால் உயிர்கள் போன நாள் ஒன்று உண்டு.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரம் காலை 8.58-க்கு சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஆழிப்பேரலை பினாங்குக் கரையைத் தொட்டது பிற்பகல் ஒரு மணி தாண்டிய பிறகு. இடையில் நான்கு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது! விடுமுறை நாளில் கடற்கரையில் இருந்தவர்களிடம் யாரும் வந்து சொல்லவில்லை. மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கைச் சேர்ந்த கரைகளில் மாண்டவர்கள். தமிழகத்தின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். ஹவாயில் இருந்த பசிபிக் எச்சரிக்கை மையம் 15 நிமிடத்தில் முதல் அறிக்கையை வெளியிட்டிருந்தது. ஆனால் இந்தியப் பெருங்கடலில் அலையைப் பார்த்துச் சொல்லக் கருவியும் இல்லை. செய்தியைக் கரைக்குக் கொண்டு சேர்க்க ஏற்பாடும் இல்லை.

கடலடியில் ஒரு காவல்காரன்

அதன் பிறகு நாடுகள் விழித்துக்கொண்டன. 2005-ல் மலேசிய வானிலைத் துறை ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இந்தியாவின் மையம் வந்தது. இத்தகைய மையங்கள் நம்பியிருக்கும் கருவிகளுள் ஒன்று கடலடி அழுத்தமானி. மேலே மிதவை, கீழே மானி. மானி ஒலி அலையால் மிதவைக்குச் சொல்லும். மிதவை செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்லும்.

அமெரிக்கர்கள் வடிவமைத்த மானி வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். 15 விநாடிக்கு ஒரு முறை அது அளவெடுக்கிறது. கடல்மட்டம் எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். அதற்கெல்லாம் கூவினால் நாள் முழுக்கக் கூவ வேண்டியதுதான். ஆகவே கடந்த மூன்று மணி நேர அளவுகளை வைத்து, 'இந்த நொடியில் நீர் இவ்வளவு இருக்க வேண்டும்' என்று கணக்குப் போட்டுக்கொள்கிறது. உண்மை அளவு அந்தக் கணக்கிலிருந்து ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் விலகினால் சந்தேகம். ஒரு முறை விலகினால் பேசாது. அடுத்தடுத்து இரண்டு முறை விலகினால்தான் அவசர நிலைக்கு மாறும். அதன் பின் நிமிடக் கணக்கில் தகவல் பறக்கும்.

ஒரே ஒரு அளவு சாட்சி ஆகாது. தொடர்ந்து வரும் இரண்டு அளவுகள் சாட்சி. இது முதல் விதி. இரண்டாவது விதி, வரிசை. முதலில் நிலநடுக்கம், பிறகு, அலை வந்து சேர வேண்டிய கால அளவுக்குள் நீர்மட்டத்தில் மாற்றம். இரண்டும் பொருந்தினால் அபாயம் உறுதி. பொருந்தாவிட்டால் எச்சரிக்கையைத் திரும்பப் பெறலாம். 2012 ஏப்ரல் 11-ல் அதுதான் நடந்தது. 8.6 அளவுள்ள பூகம்பம், கரையெங்கும் பதற்றம். ஆனால் நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால், மிதவைகள் கண்டது சில சென்டிமீட்டர் அலைதான். அன்றே எச்சரிக்கை விலக்கப்பட்டது.

மௌனமும் ஒரு செய்தி

மூன்றாவது விதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். குறித்த நேரத்தில் வர வேண்டிய தகவல் வராவிட்டால், அதுவே ஓர் எச்சரிக்கை. இரவுக் காவலாளி மணிக்கொரு முறை விசில் ஊதுவார். விசில் கேட்கவில்லை என்றால் 'எல்லாம் நலம்' என்று தூங்கலாமா? அவருக்கு என்ன ஆயிற்று என்று போய்ப் பார்க்க வேண்டாமா? இந்தோனேசியாவின் மிதவைகள் 2012 முதல் செயலிழந்து கிடந்தன. 2018 டிசம்பர் 22 இரவு அனாக் கிரகத்தாவ் எரிமலையின் ஒரு பகுதி சரிந்து கடலில் விழுந்தபோது, நிலநடுக்கத்துக்காகக் காத்திருந்த ஏற்பாடுகள் எதுவும் கூவவில்லை. 400 பேருக்கு மேல் மடிந்தார்கள். எதிர்பார்த்த வரிசையில் ஆபத்து வரவில்லை. வேறு வழியில் வருவதைப் பார்க்கக் கடலில் கண்ணும் இல்லை.

சரி, எதற்கும் சட்டென்று கூவட்டும் என்றால்? 2004 டிசம்பர் 30-ஐத் தமிழகக் கரை மறக்காது. தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பை நம்பி மத்திய உள்துறை விடுத்த எச்சரிக்கையால், பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தவர்களும் நிவாரணம் கொடுக்க வந்தவர்களும் அலறி ஓடினார்கள். அலை வரவில்லை. பொய்யாய் ஒலிக்கும் ஒவ்வொரு மணியும், அடுத்து வரும் உண்மையான மணியின் குரல்வளையை நெரிக்கிறது. 'புலி வருது' கதைதான்! பொறுத்திருந்தால் நேரம் போகும். அவசரப்பட்டால் நம்பிக்கை போகும். கருவிக்கு விதி எழுதுகிறவர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கோடு போட வேண்டியிருக்கிறது.

இன்று வீட்டுக் கதவு முதல் எரிவாயு அடுப்பு வரை கருவிகள் கைபேசியோடு பேசுகின்றன. கருவி வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை முறை பார்த்துவிட்டுக் கூவும்? எந்த நேரத்தில் எது இயல்பு என்று அதற்குத் தெரியுமா? அது செத்துப்போனால் யார் சொல்வார்கள்?

கடலோரம் வசிப்பவர்கள் நான்காவது கேள்வி ஒன்றையும் கேட்க வேண்டும்: நம் கரையில் நிற்கும் அபாயச் சங்கைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள்? கடலடியில் 15 விநாடிக்கு ஒரு முறை கண் விழித்துப் பார்க்கும் காவல்காரன் இருந்தும், கரையில் சங்கு ஊமையாகிவிட்டால் அந்த நான்கு மணி நேரம் மறுபடியும் வீணாகும்.