பரணேறிய ரஜாய்

சிவராத்திரியோடு குளிர் ‘சிவ சிவா’ என்று போய்விடும் என்பது நம் பக்கத்துப் பெரியோர் வாக்கு. டில்லியில் குடியேறிய நம்மவர் பலர் இவ்வாக்கை நம்பி, ஹோலிக்கு முன்னரே ரஜாய்களை வெயிலில் உலர்த்திப் பரணேற்றிவிடுகின்றனர். ஏற்றிய இரண்டாம் நாளே வானம் மூடிக்கொள்ளுகிறது. சில வேளை ஆலங்கட்டியும் விழுகிறது.

மத்தியதரைக் கடற் பக்கத்தில் தோன்றி, ஈரானையும் ஆப்கானிஸ்தானத்தையும் கடந்து கிழக்கு நோக்கி வரும் காற்றுச் சுழல்களே இதற்குக் காரணம். இமயத்தில் பனியையும் சமவெளியில் குளிர்கால மழையையும் பொழிவிப்பவை இவையே. பஞ்சாபின் கோதுமை இம்மழையால் செழிப்பதால் இவற்றை நாம் முற்றும் வைவதற்கில்லை. மேகம் கவிந்த இரவில் நிலத்தின் வெப்பம் மேலே தப்பிச் செல்வது தடைப்படும். குளிர் குறைவாகவே தோன்றும். மேகம் விலகியதும் வடமேற்கிலிருந்து குளிர்காற்று புகும். தெளிந்த வானத்தின் வழியே வெப்பமும் வெளியேறிவிடும். ஆகவே மழை பெய்யும் இரவைவிட, மழை விட்ட பின் வரும் இரவுக்கே நாம் அஞ்ச வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஓர் இரவு. மின்சாரக் கணப்பும் பரணில் இருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார் குளிரால் நடுங்கினார்கள். அங்கீட்டியில், அதாவது நம் குமுட்டி போன்ற ஒன்றில், கரியை மூட்டி அவர்கள் அறையில் வைத்து, கதவையும் சன்னலையும் இறுக மூடினேன். புகை இல்லை, ஆகவே அச்சமும் இல்லை. நள்ளிரவில் தாகமெடுத்து எழுந்த அம்மா, நிற்க இயலாமல் விழுந்த ஓசை கேட்டு ஓடினேன். தலைவலி, குமட்டல், தெளிவற்ற பேச்சு. முற்றத்துக்குத் தூக்கி வந்தோம். பின்னர் மருத்துவமனையில் பிராணவாயு கொடுத்தார்கள். பிழைத்தார்கள். தாகம் எடுத்திராவிடில் என்னவாகியிருக்கும் என்பதை நான் இன்றும் நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை.

கரி அரைகுறையாக எரிகையில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் ஏறத்தாழ 200 மடங்கு பற்றுடன் இதனைப் பற்றிக்கொள்ளும். உறங்குகிறவர் அறியாமலே மயங்கிவிடுவார்.

மின்சாரக் கணப்பில் இவ்வாபத்து இல்லை. வேறு தொல்லைகள் உண்டு. 2000 வாட் கணப்பு ஒரு மணி நேரத்தில் 2 யூனிட் உண்ணும். ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் துளையில் அதைச் செருகினால் கம்பி சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். 16 ஆம்பியர் துளையே தகும். திரைச்சீலையும் படுக்கையும் எட்ட இருக்கட்டும். செலவில்லாத வழியும் உண்டு: பகலில் தெற்குச் சன்னலைத் திறந்து வெயிலை உள்ளே விட்டு, பொழுது சாயுமுன் மூடித் திரையிடுங்கள், வெறுந் தரையில் ஜமக்காளத்தை விரியுங்கள். டில்லி வீடுகள் கோடைக்கென்று கட்டியவை. மாலையில் நாம் மறந்தால் அவை குளிரை உபசரித்து அழைத்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் இப்பொழுது பங்குனி முடியும் வரை கணப்பும் இரண்டு ரஜாய்களும் கீழேயே கிடக்கின்றன. அங்கீட்டி முற்றத்தை விட்டு உள்ளே வருவதில்லை. கத்தரிக்காய் சுடுவதற்கு மட்டும் அம்மா அதை மூட்டுகிறார்கள்.